சிறு குழந்தைகளுக்கு ஏன் கையால் எழுதக் கற்பிக்க வேண்டும்? ஓர் எளிய விளக்கம்

கையெழுத்து என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அழகான கையெழுத்துதான். முத்து முத்தான எழுத்துகள், கோட்டை விட்டு விலகாத வரிகள், அதைப் பார்த்துத் தேர்வில் கூடுதலாகக் கிடைக்கும் ஓரிரு மதிப்பெண்கள் என்று அந்த நினைவு விரியும். அழகு மட்டுமே பயன் என்றால், பெரியவர்கள் ஏறத்தாழ எல்லாவற்றையும் கைபேசியில் தட்டச்சு செய்துவிடும் இந்தக் காலத்தில் குழந்தைகளை எதற்காக நோட்டும் பென்சிலுமாக உட்கார வைக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால் மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைக்குக் கையால் எழுதக் கற்பிப்பதன் முதன்மையான பயன் அழகு அன்று. எழுத்தை அடையாளம் காண்பதும், அதன் வழியே படிக்கத் தொடங்குவதும், பிறகு தன் எண்ணத்தைத் தாளில் கோவையாகச் சொல்வதும் அந்த வயதில் பெருமளவுக்குக் கையின் உதவியோடுதான் நிகழ்கின்றன. அது எப்படி நிகழ்கிறது என்பதை, குறிப்பாகத் தமிழ் எழுத்தைக் கற்கும் குழந்தையை மனத்தில் வைத்து, இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

எழுத்து குழந்தையின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது?

பிறந்தது முதல் குழந்தை பார்த்துப் பழகிய பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. ஒரு குவளையின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது அதே குவளைதான். திசை மாறினாலும் பொருள் மாறாது என்று மூளை கற்றுக்கொள்வது உயிர்வாழ மிகவும் தேவையான திறமை. எழுத்துகளிடம் வந்ததும் இந்தத் திறமையே தடையாகிறது. இங்கே ஒரு சிறு கோடு கூடினாலும், ஒரு சுழி குறைந்தாலும், வளைவு திரும்பும் திசை மாறினாலும் அது வேறு எழுத்தாகிவிடும், அல்லது எழுத்தே இல்லாமல் போய்விடும். ஐந்து ஆறு வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவதற்குக் காரணம் இதுதான். அது கவனக்குறைவும் அன்று, மந்தபுத்தியும் அன்று. பொருள்களைப் பார்க்கப் பழகிய மூளை, எழுத்துகளைப் பார்க்க இன்னும் முழுமையாகப் பழகவில்லை என்பதே அதன் பொருள். பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹான் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மனித மூளைக்குப் படிப்பதற்கென்று பிறவியிலேயே அமைந்த உறுப்பு எதுவும் இல்லை. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் வேலையைச் செய்துவந்த பகுதிகளுள் ஒன்று, இடப்பாதி மூளையின் பின்புறத்தில் சற்றுக் கீழே இருப்பது, பயிற்சியின் மூலம் எழுத்துகளுக்கென்று ஒதுக்கப்படுகிறது.

தமிழ்க் குழந்தை எதிர்கொள்ளும் வேறுபாடுகள் எவ்வளவு நுண்மையானவை என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை, ஏனெனில் நமக்கு அவை பழகிவிட்டன. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இடையில் இருப்பது கீழே ஒரு சிறு சாய்கோடு. ஒகரத்தையும் ஓகாரத்தையும் பிரிப்பது ஒரு சுழி. ரகரமும் துணைக்காலும் பல அச்சு வடிவங்களில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். இவற்றை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் வேறுபாடு மனத்தில் தங்குவதில்லை. எழுதும்போது மட்டும்தான் குழந்தை எழுத்தை ஒவ்வொரு உறுப்பாகப் பிரித்து, எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் வளைப்பது, எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நம் ஆசிரியர்கள் பல தலைமுறைகளாக ‘மூன்று சுழி ண, இரண்டு சுழி ன’ என்று சொல்லிக் கொடுத்து வருவதைக் கவனித்தால் இது விளங்கும். சுழிகளை எண்ணும் வேலையைக் கண் செய்வதைவிட, அவற்றைச் சுழிக்கும் கை இன்னும் உறுதியாகச் செய்கிறது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

2005-இல் பிரான்சில் மரிகே லோங்காம் என்பவரும் அவருடைய குழுவினரும் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 76 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு எழுத்துகளைக் கையால் எழுதவும் மற்றொரு பிரிவுக்கு அதே எழுத்துகளை விசைப்பலகையில் தட்டவும் கற்பித்தார்கள். பிறகு, சரியான எழுத்து எது என்று அடையாளம் காட்டச் சொன்னபோது, அவர்களுள் சற்று மூத்த குழந்தைகளிடையே கையால் எழுதியவர்கள் தட்டச்சு செய்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். மிகவும் சிறியவர்களிடம் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த வயதில் தொடங்குவது என்ற கேள்விக்கு இது உதவும்.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே செல்கிறது. 2012-இல் வெளியான அந்த ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் மூன்று வழிகளில் எழுத்துகளைக் கற்றார்கள். சில எழுத்துகளை அவர்கள் வெற்றுத்தாளில் தாமாக எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் பென்சிலை ஓட்டி வரைந்தார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அக்குழந்தைகளைப் படுக்க வைத்து, அந்த எழுத்துகளைத் திரையில் வெறுமனே காட்டினார்கள். பெரியவர்கள் படிக்கும்போது எந்தெந்தப் பகுதிகள் இயங்குமோ அந்தப் பகுதிகள், குழந்தைகள் தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்த்தபோது இயங்கின. தட்டிப் பழகிய எழுத்துகளுக்கும் சரி, கோட்டின் மேல் வரைந்து பழகிய எழுத்துகளுக்கும் சரி, அவ்வாறு இயங்கவில்லை. குழந்தை அப்போது எதையும் எழுதவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தது என்பதை இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும். கை கற்றதைக் கண் பயன்படுத்திக்கொள்கிறது.

கோட்டின் மேல் வரைவது ஏன் போதவில்லை? அப்போதும் கை அசையத்தானே செய்கிறது? ஜேம்ஸின் குழு பின்னர் செய்த ஓர் ஆய்வு, 2016-இல் வெளியானது, இதற்கு ஒரு விடை தருகிறது. குழந்தைக்கு முன்பின் அறிமுகமில்லாத கிரேக்க எழுத்துகளைக் கற்பித்தபோது, ஒரே அச்சு வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கண்ட குழந்தைகளைவிட, பல மாதிரியாக மாறி மாறி வந்த வடிவங்களைக் கண்ட குழந்தைகள் எழுத்தை நன்றாக இனம் கண்டார்கள். தானாக எழுதும் குழந்தையின் தாளில் நடப்பதும் இதுதான். அதன் முதல் அகரம் கோணலாக இருக்கும். இரண்டாவது மிகவும் பெரிதாக இருக்கும். மூன்றாவதில் சுழி விட்டுப்போயிருக்கும். இவ்வளவு மாறுபாடுகளுக்கு நடுவிலும் அகரத்தை அகரமாக்குவது எது என்று அந்த மூளை தேடிக் கண்டுபிடிக்கிறது. குழந்தையின் கோணல் எழுத்தைக் கண்டு முகம் சுளிக்கும் பெற்றோருக்கும், உடனே அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லும் ஆசிரியர்களுக்கும் இந்த ஒரு செய்தி சென்று சேர வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். அந்தக் கோணல் கற்றலின் ஒரு பகுதி.

கையெழுத்தின் சிறப்பைச் சொல்லப் பலரும் எடுத்துக்காட்டும் வேறோர் ஆய்வும் உண்டு. கல்லூரி மாணவர்கள் மடிக்கணினியில் குறிப்பெடுப்பதைவிடக் கையால் குறிப்பெடுத்தால் கருத்துகளை நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு அது. அதைப் பின்னர் மீண்டும் செய்து பார்த்தவர்களுக்கு அதே அளவு தெளிவான முடிவு கிடைக்கவில்லை. மேலும், அது எழுத்து ஏற்கெனவே கைவந்தவர்களைப் பற்றியது. சிறு குழந்தைகளுக்கான காரணம் அதனினும் அடிப்படையானது என்பதால் அந்த ஆய்வை நாம் நம்பி நிற்க வேண்டியதில்லை.

தமிழ் எழுத்தும் கையும்

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247 எழுத்துகள் என்று சொல்லும்போது குழந்தைக்கு மலைப்பாக இருக்கும். பெரும்பாலான உயிர்மெய்கள் ஒரே முறையில் அமைந்தவை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு ஆகியவற்றை ஒருமுறை எழுதக் கற்றுவிட்டால் எல்லா மெய்களோடும் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம், ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகளின் விதிவிலக்கான பழைய வடிவங்களை நீக்கி, இந்த ஒழுங்கை இன்னும் சீராக்கியது. (பாட்டி எழுதிய பழைய கடிதம் வீட்டில் இருந்தால், தும்பிக்கை போன்ற வளைவோடு வரும் அந்தப் பழைய ‘லை’யைக் குழந்தைக்குக் காட்டுங்கள். எழுத்து மனிதர்கள் ஆக்கியது, மாறக்கூடியது என்பதை அது எளிதில் உணரும்.)

அந்தச் சீர்திருத்தம் உகர, ஊகார வரிசைகளைத் தொடவில்லை. அங்கேதான் கையின் உழைப்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது. சு, பு, வு ஆகியவற்றில் கோடு கீழே இறங்குகிறது. து, நு, லு ஆகியவற்றில் வலப்புறம் எழுந்து ஒரு காலாக இறங்குகிறது. கு, டு, மு ஆகியவை வேறு விதமாக வளைகின்றன. விசைப்பலகையில் இவை எல்லாவற்றுக்கும் உகரத்துக்கான ஒரே விசைதான். அதைத் தட்டினால் சரியான வடிவம் தானாக வந்து நிற்கும். தட்டுபவருக்கு அது வசதி. ஆனால் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, அந்த வடிவத்தைத் தானே உருவாக்கிப் பார்க்கும் வாய்ப்பு அங்கே இல்லாமல் போகிறது.

இன்னொன்றைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். முதல் வகுப்புக் குழந்தையிடம் ‘கொடி’ என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். அதன் காதில் முதலில் விழுவது ககர ஒலி. ஆகவே பல குழந்தைகள் முதலில் ‘க’ என்று எழுதிவிட்டு நின்றுவிடும். ஒகரம் வர வேண்டும் என்று தெரியும், ஆனால் அதற்கான ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டுமே. சில குழந்தைகள் இடப்பக்கம் இருக்கும் சிறிய இடத்தில் கொம்பை நெருக்கி எழுதும், சில குழந்தைகள் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கும், சில குழந்தைகள் ‘காெடி’ என்பதுபோல் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போட்டுவிடும். ஒலியின் வரிசை ஒன்று, எழுதும் வரிசை வேறொன்று என்ற இந்த முரண்பாடு எகர, ஏகார, ஐகார, ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் எல்லாவற்றிலும் உண்டு. இதைச் சமாளிக்கக் குழந்தை முழு அசையையும் மனத்தில் ஒலித்துப் பார்த்து, அதன் முழு வடிவத்தையும் எண்ணிக்கொண்டு, பிறகு பென்சிலை வைக்க வேண்டியிருக்கிறது. சில வாரங்களில் அந்தத் தயக்கம் மறையும். மறையும்போது அந்தக் குழந்தை ‘கொ’ என்பதை மூன்று துண்டுகளாக அல்லாமல் ஒரே எழுத்தாகப் பார்க்கத் தொடங்கியிருக்கும். படிப்பில் வேகம் கூடுவது இத்தகைய மாற்றங்களால்தான்.

இன்று பெரும்பாலோர் கைபேசியில் தமிழை ஆங்கில எழுத்துகள் வழியாகத் தட்டுகிறார்கள், அல்லது வாயால் சொல்லி எழுத வைக்கிறார்கள். பெரியவர்களுக்கு அதனால் கேடில்லை. ஆனால் தமிழ்க் குழந்தை தமிழ் எழுத்தைக் கற்கும் கருவியாக அது ஒருபோதும் ஆக முடியாது, ஏனெனில் அந்த முறையில் விரல் தொடுவது தமிழ் எழுத்தையே அன்று. ஆங்கிலக் குழந்தை விசைப்பலகையில் தட்டும்போது தன் மொழியின் எழுத்து பொறித்த விசையையாவது தேடிக் கண்டுபிடிக்கிறது. நம் குழந்தைக்கு அதுவும் கிடைப்பதில்லை. ஆகையால் கையெழுத்துக்கான தேவை தமிழில் ஆங்கிலத்தைவிடவும் மிகுதி என்றே நான் கருதுகிறேன். வெளிநாடுகளில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கு, வாரத்தில் ஒரு நாள் நடக்கும் தமிழ்ப் பள்ளியின் நேரத்தில் கையால் எழுதும் நேரத்தைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

மணலில் தொடங்கிய பாடம்

இவை எல்லாம் புதிய கண்டுபிடிப்புகள் போலத் தோன்றினாலும், நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இந்த வழியில்தான் நடந்தன. தரையில் மணலைப் பரப்பி, எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதிப் பழகிய பிறகுதான் மாணவர்கள் பனையோலைக்கும் எழுத்தாணிக்கும் போனார்கள். 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவர்களைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு சேர்த்து, 1797-இல் லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்ற அது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பல பள்ளிகளுக்குப் பரவியது. அங்குள்ள ஏழைக் குழந்தைகளும் மணல் தட்டில் விரலால் ஆங்கில எழுத்துகளை எழுதினார்கள்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் இத்தாலியில் மரியா மாண்டிசோரி உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பயன்படுத்தினார். 1907-இல் ரோம் நகரின் ஏழ்மையான பகுதி ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், குழந்தை அந்தச் சொரசொரப்பான எழுத்தைச் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் தடவியபடி அதன் ஒலியைச் சொல்லும் பயிற்சியை வகுத்தார். குழந்தைக்கு எழுதுதல் முதலில் வரும், படித்தல் அதைத் தொடர்ந்து வரும் என்பது அவருடைய உறுதியான கருத்து. 1939-இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இரண்டாம் உலகப் போரின் காரணமாக அவர் இந்தியாவில் பல ஆண்டுகள் தங்க நேர்ந்தது. அவற்றுள் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார்.

மணல் தட்டில் ஒரு சிறப்பு உண்டு. அங்கே பின்பற்றிச் செல்லப் புள்ளிக்கோடு எதுவும் இல்லை. குழந்தை தன் நினைவிலிருந்துதான் எழுதியாக வேண்டும். தவறினால் கையால் ஒருமுறை தடவினால் போதும், தவறு போய்விடும். பென்சிலை அழுத்திப் பிடிக்கும் வலிமை விரல்களுக்கு வருவதற்கு முன்பே எழுத்தின் வடிவம் குழந்தைக்கு வசப்பட்டுவிடும். இன்றும் ஒரு பழைய தாம்பாளமும் இரண்டு கைப்பிடி மணலோ ரவையோ இருந்தால் எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம்.

எப்போது தொடங்குவது?

எல்.கே.ஜி. வகுப்பில் மூன்றரை வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைக் கொடுத்துப் பக்கம் பக்கமாக எழுத வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். குழந்தையின் கை படிப்படியாகத்தான் வளர்கிறது. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகள் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பல ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றாகக் கெட்டிப்படுகின்றன. முதலில் குழந்தை பென்சிலை முழு முட்டியாலும் பிடிக்கும். நான்கு வயதை ஒட்டி மூன்று விரல்களால் பிடிக்கத் தொடங்கும். அப்போதும் தோளிலிருந்தும் மணிக்கட்டிலிருந்தும்தான் அசைவு வரும். விரல்கள் மட்டுமே அசைந்து பென்சிலை நகர்த்துவது பெரும்பாலும் ஐந்து ஆறு வயதில்தான் கைகூடும்.

பெற்றோர் எளிதாகக் கவனிக்கக்கூடிய ஓர் அடையாளம் குழந்தை வரையும் கோடுகளில் இருக்கிறது. நேர்க்கோட்டைப் பார்த்து வரைவது இரண்டு மூன்று வயதிலும், வட்டம் மூன்று வயதை ஒட்டியும், கூட்டல் குறி நான்கு வயதை ஒட்டியும், சதுரம் அதற்குச் சற்றுப் பின்னரும், சாய்கோடுகள் கொண்ட முக்கோணம் ஐந்து வயதுக்கு மேலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வசப்படுகின்றன. கூட்டல் குறியையும் சதுரத்தையும் தானாகப் பார்த்து வரையும் குழந்தையின் கை எழுத்துக்கு ஏறத்தாழத் தயார் எனலாம். அதற்கு முன்பு, பூக்களை நூலில் கோப்பது, பல்லாங்குழியில் சோழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவது, மாவு பிசைவது, புள்ளி வைத்துக் கோலம் போடுவது ஆகியவை எல்லாம் விரல்களுக்கு நல்ல பயிற்சிதான். சிக்குக் கோலத்தின் கோடு புள்ளிகளைச் சுற்றி வளைவதும் அகரத்தின் சுழியும் கைக்கு ஒரே வகையான வேலை.

எப்படிக் கற்பிப்பது?

அகர வரிசையில் தொடங்க வேண்டிய கட்டாயம் எழுதுவதற்கு இல்லை. அ, ஆ, இ ஆகியவை தமிழில் எழுதக் கடினமான வடிவங்களைச் சேர்ந்தவை. ஒலியை அகர வரிசையில் பாடலாகச் சொல்லிக் கொடுக்கலாம். எழுதுவதை ட, ப, ம, ய போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்கலாம். டகரம் ஒரு கோடு கீழே, ஒரு கோடு வலப்புறம், அவ்வளவுதான். அதன் முடிவில் ஒரு கோட்டை மேலே ஏற்றினால் பகரம். பகரம் எழுதும் கைக்கு மகரத்தில் கடைசி வளைவு மட்டுமே புதிது. இந்த மூன்றோடு ரகரத்தையும் சேர்த்தால் படம், மடம், மரம், ரதம் என்று நீளும் சொற்களில் முதல் மூன்றை உடனே எழுதிவிடலாம். ரதத்துக்குத் தகரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். எழுத்துக்குப் பொருள் உண்டு என்பதை, தான் எழுதிய முதல் சொல்லைப் படித்துப் பார்க்கும் போதுதான் குழந்தை உண்மையில் உணர்கிறது. அதை மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

ஓர் எழுத்தைக் கற்பிக்கும் போது, ஆசிரியர் கரும்பலகையில் பெரிதாக, மெதுவாக, ஒலியைச் சொல்லியபடி எழுதிக்காட்ட வேண்டும். முடிந்த எழுத்தை மட்டும் காட்டுவதைவிட, எழுத்து உருவாகும் விதத்தைக் காட்டுவதே முக்கியம். பிறகு குழந்தைகள் காற்றில், மணலில், சிலேட்டில் எழுதலாம். அதன்பின் ஆசிரியர் எழுதியதை அழித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொல்ல வேண்டும். பார்த்து எழுதுவதைவிட நினைவுகூர்ந்து எழுதும் ஒருமுறைக்கு மதிப்பு அதிகம். புள்ளிக்கோட்டுப் பயிற்சி ஏடுகள் முதல் ஓரிரு நாள்களுக்கு வழிகாட்டலாம். அவற்றையே ஆண்டு முழுவதும் நிரப்ப வைப்பது, மேலே சொன்ன ஆய்வின்படி, குழந்தையின் உழைப்பை வீணாக்குவதாகும். சிறிய கைகளுக்குச் சிலேட்டும் பலப்பமும் இன்றும் நல்லவை. தாளுக்கு வரும்போது இரட்டைக்கோட்டு நோட்டு எழுத்தின் உயரத்தை ஒழுங்குபடுத்த உதவும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் மனமொன்றி எழுதினால் போதும்.

செய்யவே கூடாத ஒன்று, எழுதுவதைத் தண்டனையாக்குவது. பேசியதற்காகவும் தாமதமாக வந்ததற்காகவும் நூறு முறை இம்போசிஷன் எழுத வைக்கப்பட்ட குழந்தை, பென்சிலைக் கண்டாலே வெறுக்கும். கை வலிக்க வலிக்க எழுதும்போது எழுத்தின் வடிவமும் சிதைகிறது, அந்தச் சிதைந்த வடிவமே பழகியும் விடுகிறது.

ஏறத்தாழ நூறு பேரில் பத்துப் பேர் இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள். அவர்களை வலக்கைக்கு மாற்ற முயலக் கூடாது. இடமிருந்து வலமாக எழுதும்போது அவர்கள் எழுதியதை அவர்கள் கையே மறைக்கும் என்பதால், தாளின் மேல்விளிம்பு சற்று வலப்பக்கம் சாயும்படி வைத்துக்கொள்ளவும், பென்சிலின் முனைக்குச் சற்று மேலே தள்ளிப் பிடிக்கவும் சொல்லிக் கொடுத்தால் போதும். எட்டு வயதைத் தாண்டியும், தொடர்ந்து பயிற்சி இருந்தும், எழுதுவது மிகுந்த துன்பமாகவே இருந்தால், அது எழுதுதலில் ஏற்படும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதற்குத் திட்டுவதை விட்டுவிட்டுக் குழந்தை மருத்துவரிடமோ, எழுதுதல் போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் செயல்முறைச் சிகிச்சையாளரிடமோ (occupational therapist) காட்ட வேண்டும்.

கை தானாக ஓடும்போது

எழுத்துகள் தெரிந்த பின்னும் கையெழுத்துப் பயிற்சி தேவை என்பதற்கு வேறொரு காரணம் உண்டு. ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திவைக்கக்கூடிய செய்திகளுக்கு ஓர் எல்லை இருக்கிறது, குழந்தைக்கு அந்த எல்லை இன்னும் குறுகியது. ‘நேற்று மழை பெய்ததால் நாங்கள் விளையாடப் போகவில்லை’ என்று எழுத நினைக்கும் இரண்டாம் வகுப்புக் குழந்தை, ழகரத்தை எப்படி எழுதுவது என்று யோசிப்பதிலேயே நேரம் கழித்தால், ‘மழை’ முடிவதற்குள் வாக்கியத்தின் மறுபாதி மறந்துபோகும். அதனால்தான் வாயால் அழகாகக் கதை சொல்லும் பல குழந்தைகள் தாளில் ‘மழை பெய்தது’ என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஆசிரியர் எண்ணிவிடுகிறார். கை தானாக ஓடத் தொடங்கிவிட்டால், மனம் கருத்தின் மேல் நிற்க முடியும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா பெர்னிங்கர் இரண்டாம், நான்காம், ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் செய்த ஆய்வுகளில், கட்டுரையைத் தட்டச்சு செய்ததைவிடக் கையால் எழுதியபோது அவர்கள் அதிகமான சொற்களை விரைவாக எழுதினார்கள் என்று கண்டார்.

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் தொடக்கம் வரை மூடிக் கிடந்தன. முதல் வகுப்பைக் கைபேசித் திரையில் கழித்த குழந்தைகள், பள்ளி திறந்தபோது வயதுக்கேற்ற வகுப்பில் அமர்ந்தார்கள், எழுத்து மட்டும் அவர்களோடு வரவில்லை. 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கெனத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அந்த இடைவெளியை நிரப்புவதற்காக வந்ததே.

விசைப்பலகைக்கு எப்போது இடம்?

பின்லாந்து கையெழுத்தையே கைவிட்டுவிட்டது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அது உண்மையன்று. 2016-இல் அங்கு கட்டாயப் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டது கூட்டெழுத்து, அதாவது எழுத்துகளை ஒன்றோடொன்று இணைத்து எழுதும் முறை, மட்டுமே; தனித்தனி எழுத்தாக எழுதுவது தொடர்ந்து கற்பிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 2010-இல் வந்த பொதுப் பாடத்தர நெறிகள் கூட்டெழுத்தை வலியுறுத்தவில்லை. பிறகு பல மாநிலங்கள் அதைத் திரும்பக் கொண்டுவந்தன, கலிபோர்னியாவும் 2023-இல் சட்டம் இயற்றி ஒன்று முதல் ஆறு வகுப்பு வரை அதைக் கட்டாயமாக்கியது. தமிழில் கூட்டெழுத்து, தனியெழுத்து என்ற பிரிவு பள்ளியில் இல்லாததால் அந்த விவாதம் நமக்கு அவ்வளவாகப் பொருந்தாது. நம் கேள்வி, கையால் எழுதுவதா இல்லையா என்பதுதான்.

விசைப்பலகையை முற்றிலும் விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுத்துகள் அனைத்தையும் நினைவிலிருந்து தடையின்றி எழுதும் நிலை வந்த பிறகு, பெரும்பாலும் மூன்றாம் நான்காம் வகுப்பை ஒட்டி, தட்டச்சைக் கற்பிக்கலாம். அப்போது ஆங்கில எழுத்து வழியாகத் தட்டும் முறையைத் தவிர்த்து, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவாகித் தமிழ்நாட்டு அரசால் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைக் கற்பிப்பதே நல்லது. அதில் க என்ற விசையையும் ஒ என்ற விசையையும் அடுத்தடுத்துத் தட்டினால் ‘கொ’ வரும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்று இலக்கண வகுப்பில் சொல்லப்படுவதை, ஏற்கெனவே அந்தக் கொம்பையும் காலையும் தன் கையால் எழுதிப் பழகிய குழந்தை அங்கே விரலால் செய்து பார்க்கும்.